மறக்கத் தெரிந்த கணினி: பொது நூலகத்தில் மெய்நிகர் மேசைக்கணினி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கவிதையும் சிறுகதையும் ஆராயப்படும் மேடையில் கணினி பேசுபொருளாவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயினும் நூலகத்தைப் பற்றிப் பேசப் புகுந்தவர் இன்று கணினியை வாயிலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே செல்ல இயலாது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். வாசகருடைய நேரத்தை நூலகம் வீணடிக்கலாகாது என்பது அவற்றுள் நான்காவது விதியின் சாரம். நூலகத்தை வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிராகக் காண்பது ஐந்தாவது. அந்த உயிர் எத்திசையில் வளரும் என்று அவர் கட்டளையிடவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொது நூலகங்களில் கடந்த முப்பது ஆண்டுகளில் அது மிக வேகமாக வளர்ந்த திசை, வாசகருக்காக இடப்பட்ட கணினி மேசை. அந்த மேசையின் கதையே இவ்வுரையின் பொருள்.

அந்நாட்டில் ஏறத்தாழ 9,000 பொது நூலக அமைப்புகளும், அவற்றின்கீழ் ஏறத்தாழ 17,000 நூலகக் கட்டடங்களும் உள்ளன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய ஓராண்டில் 14 வயதுக்கு மேற்பட்டோரில் 7 கோடியே 70 இலட்சம் பேர் நூலகக் கணினியையோ நூலகத்தின் கம்பியில்லா இணைப்பையோ பயன்படுத்தியதாக மதிப்பிட்டது. அந்நாட்டில் அவ்வயதினருள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்பது அதன் பொருள். அவர்களுள் பத்தில் நால்வர் வேலை தொடர்பான தேவைக்காக வந்தவர்கள். பொருளாதாரம் சரிந்து, வேலையிழந்தோர் தொகை பெருகியிருந்த காலம் அது. கடைநிலை வேலைக்குக்கூட இணையத்தின் வழியேதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று நிறுவனங்கள் விதித்துவிட்டன; விண்ணப்பிப்பவர் வீட்டிலோ கணினி இல்லை. அத்தகையோருக்கு நூலகத்தில் கிடைக்கும் ஒரு மணி நேர இருக்கை பொழுதுபோக்கு அன்று. நூலகக் கணினியைப் பற்றிய எந்த முடிவையும் அந்த ஒரு மணி நேரத்தை அளவுகோலாகக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இக்கணினிகள் நூலகங்களுக்குள் பெருமளவில் நுழைந்ததற்கு ஒரு காரணம் 1997-இல் பில் கேட்ஸும் அவர் துணைவியாரும் தொடங்கிய அறக்கட்டளை. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 11,000 நூலகங்களுக்கு ஏறத்தாழ 47,000 கணினிகள் அதன் வழியே சென்றன. வறுமை மிகுந்த பகுதிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. கொடை நல்ல கொடைதான். ஆனால் யானையைப் பரிசளித்தவர் அதற்குத் தீனி போட வருவதில்லை. ஒரு நூலகத்தில் இருபது கணினிகள் இருந்தால் அவை இருபது தனித்தனி நோயாளிகள். ஒன்றில் நச்சு நிரல் புகும். மற்றொன்றில் யாரோ ஒரு சிறுவன் திரையின் அமைப்பையே மாற்றிவிட்டுப் போவான். மூன்றாவதில் முன்பு அமர்ந்தவரின் வங்கிக் கணக்குப் பக்கம் மூடப்படாமல் கிடக்கும். வகைப்பாடும் பட்டியலாக்கமும் பயின்று வந்த நூலகர், காலைப் பொழுதை மேசைக்கு அடியில் தவழ்ந்து கம்பிகளைச் சரிபார்ப்பதில் கழித்தார்.

இதற்கு முதலில் கண்ட மருந்து உறைய வைத்தல். ஃபரோனிக்ஸ் என்னும் கனடிய நிறுவனத்தின் டீப் ஃப்ரீஸ், பின்னர் மைக்ரோசாஃப்ட் சில ஆண்டுகள் இலவசமாக வழங்கிப் பின் கைவிட்ட ஸ்டெடிஸ்டேட் ஆகிய மென்பொருள்கள் இவ்வகையின. வாசகர் என்ன செய்தாலும், கணினியை ஒருமுறை அணைத்து மூட்டினால் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். கரும்பலகையை மணிக்கொருமுறை ஈரத்துணியால் துடைப்பது போன்ற ஏற்பாடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெட்டது மறைவது போலவே நல்லதும் மறையும். பாதுகாப்புக்காக நிறுவப்படும் திருத்தங்களும் உறைநிலையில் ஒட்டுவதில்லை. எனவே ஒவ்வோர் இரவும் உறைநிலையைத் தளர்த்தி, திருத்தத்தை ஏற்றி, மீண்டும் உறைய வைக்க வேண்டும். இருபது கணினிகளுக்கு இதைச் செய்யலாம். முப்பது கிளைகளில் பரவிக் கிடக்கும் ஆயிரம் கணினிகளுக்குச் செய்ய முற்படும்போதுதான் வேறு வழி உண்டா என்று நூலக அமைப்புகள் தேடத் தொடங்கின. அத்தேடலில் அவை கண்ட ஒரு விடையே மெய்நிகர் மேசைக்கணினி.

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. ஊரில் வீட்டுக்கு ஒரு கிணறு இருந்த காலம் ஒன்று. ஊர்ப் பொதுவில் மேல்நிலைத் தொட்டி கட்டி, வீட்டுக்கு ஒரு குழாய் இட்ட காலம் மற்றொன்று. முன்னதில் ஒவ்வொரு கிணற்றையும் தனியே தூர்வார வேண்டும். பின்னதில் தொட்டியைக் கழுவினால் போதும். மெய்நிகர் மேசைக்கணினியில் வாசகர் முன்னால் இருப்பது திரை, விசைப்பலகை, சுட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு பெட்டி ஆகியவையே. தின் கிளையண்ட் என்று தொழிலில் வழங்கும் அப்பெட்டிக்குள் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. வாசகருடைய விண்டோஸோ லினக்ஸோ இயங்குவது நூலகத் தலைமையகத்திலோ எங்கோ ஒரு தரவு மையத்திலோ உள்ள சர்வரில். அங்கிருந்து திரையின் படம் மட்டும் கம்பி வழியே வருகிறது. இங்கிருந்து விசை அழுத்தங்கள் மட்டும் போகின்றன. ஒரே சர்வருக்குள் பல பத்துக் கணினிகள், ஒன்றையொன்று அறியாமல், தனித்தனிக் கணினிகளாகவே தம்மைக் கருதிக்கொண்டு இயங்குகின்றன.

எண்ணம் புதியதன்று. ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகத் தோன்றச் செய்யும் வித்தையை ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே செய்துகாட்டிவிட்டது. தனியாள் கணினி மலிந்த பிறகு அது சற்றே மறக்கப்பட்டது. 1995-இல் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் வின்ஃப்ரேமும், 1998-இல் மைக்ரோசாஃப்டின் டெர்மினல் சர்வரும் விண்டோஸைத் தொலைவிலிருந்து பகிர்ந்துகொள்ள வழி செய்தன. அதே 1998-இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம், சாதாரணக் கணினியிலும் மெய்நிகர் கணினிகளை உருவாக்கலாம் என்று காட்டியது. 2000-களின் இறுதியில் இவை அனைத்தும் ஒன்றுகூடி, ஆளுக்கொரு முழு மெய்நிகர் கணினி என்னும் வடிவம் பெற்றன.

நூலகத்தில் இது நடைபெறும் முறை கவனிக்கத்தக்கது. பொறியாளர் ஒருவர் ஒரே ஒரு கணினியைச் செம்மையாக அமைக்கிறார். உலாவி, சொற்செயலி, அச்சுப்பொறி இணைப்பு, எழுத்துருக்கள் எல்லாம் அதில் இடம்பெறும். இது மூலப் படிமம். வாசகர் தம் உறுப்பினர் எண்ணை இட்டு அமர்ந்ததும் மூலப் படிமத்திலிருந்து ஒரு நகல் அவருக்கெனப் பிறக்கிறது. அவர் எழுந்ததும் அந்நகல் அழிக்கப்படுகிறது. அடுத்து வருபவருக்குப் புதிய நகல். முன்னவர் திறந்த பக்கம், தட்டச்சிட்ட கடவுச்சொல், இறக்கிவைத்த வருமான வரிப் படிவம் ஆகிய யாவும் நகலோடு போகும். திருத்தம் ஒன்று வந்தால் மூலப் படிமத்தில் ஒருமுறை செய்தால் போதும். மறுநாள் காலை முப்பது கிளைகளிலும் அது நடைமுறைக்கு வந்துவிடும்.

மின்செலவிலும் ஆதாயம் உண்டு. மேசைமேல் உள்ள சிறு பெட்டி பெரும்பாலும் பத்து வாட் அளவில் இயங்கும். சுழலும் பாகம் இல்லாததால் பழுதும் குறைவு. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தபோது, நல்ல நிலையில் இருந்தும் விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியற்ற கணினிகள் உலகெங்கும் குவிந்தன. அவற்றை வெறும் முனையங்களாக மாற்றி இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்பது நூலகங்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

தமிழுக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. டொரண்டோ பொது நூலகம் தமிழ் நூல்களைச் சேகரித்து வழங்கும் அமைப்பு. புலம்பெயர்ந்த தமிழர் பலர் வாழும் நகரம் அது. அத்தகைய நகரங்களில், கணினிகள் தனித்தனியே பூட்டிவைக்கப்பட்டிருந்த காலத்தில், தமிழில் ஒரு மடல் எழுத விரும்பிய முதியவர் ஓர் எழுத்துருவையோ விசைப்பலகையையோ தாமே நிறுவிக்கொள்ள வழியில்லை. விண்டோஸ் 2000 முதலே தமிழுக்கு ஒருங்குறி ஆதரவு உள்ளேயே இருந்தபோதிலும், அதை இயக்கிவைக்கும் உரிமை வாசகருக்கு இருப்பதில்லை. மூலப் படிமம் என்ற ஒன்று வந்தபின், தமிழ் விசைப்பலகையை அதில் ஒருமுறை சேர்த்தால் எல்லாக் கிளைகளிலும் எல்லா இருக்கைகளிலும் தமிழ் எழுதலாம். ஒருமுறை மறுத்தால், எங்குமே எழுத முடியாது. முன்பு கிளை நூலகரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்க முடிந்த ஒன்று, இப்போது தலைமையகத்தில் முகமறியாத ஒருவர் கையில் இருக்கிறது. மையப்படுத்தும் எந்த ஏற்பாட்டிலும் இந்த இரண்டும் சேர்ந்தே வரும்.

இனி, இவ்வுரையின் நடுப்பொருளாகிய மறத்தலுக்கு வரலாம். அதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2005-இல் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

அம்மாநிலத்தில் 27 நூலகங்கள் ஒன்றுசேர்ந்து லைப்ரரி கனெக்‌ஷன் என்னும் கூட்டமைப்பை நடத்திவந்தன. பொதுக் கணினி வசதிகளை மையமாக இருந்து கவனிப்பது அதன் பணி. 2005 ஜூலையில் மத்தியப் புலனாய்வுத் துறையாகிய எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகள் அங்கு ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தனர். அதே ஆண்டு பிப்ரவரி 15 அன்று மாலை 4 மணி தொடங்கி 45 நிமிட நேரத்தில், குறிப்பிட்டதோர் இணைய முகவரியிலிருந்து கணினியைப் பயன்படுத்தியவர் பற்றிய விவரம் வேண்டும் என்பது கோரிக்கை. நீதிமன்ற ஆணை எதுவும் இல்லை. தேசியப் பாதுகாப்புக் கடிதம் என்ற வகையைச் சேர்ந்த அது, பெற்றவர் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கலாகாது என்றும் விதித்தது.

கூட்டமைப்பின் நிர்வாக இயக்குநர் ஜார்ஜ் கிறிஸ்டியனும் அதன் செயற்குழுவைச் சேர்ந்த பார்பரா பெய்லி, பீட்டர் சேஸ், ஜேன் நோசெக் ஆகிய நூலகர்களும் இணங்க மறுத்து வழக்குத் தொடுத்தனர். தம் பெயரில் தொடுக்க முடியவில்லை. பெயர் வெளிப்பட்டாலே தண்டனை. பிரிட்ஜ்போர்ட் நகர நீதிமன்றத்தில் தங்கள் சொந்த வழக்கு நடக்கையில், ஹார்ட்ஃபோர்டில் பூட்டிய அறை ஒன்றில் அமர்ந்து தொலைக்காட்சித் திரையில் அதைப் பார்க்க வேண்டிய நிலை அவர்களுக்கு. வாய்ப்பூட்டு அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிபதி ஜேனட் ஹால் 2005 செப்டம்பரில் தீர்ப்பளித்தும், மேல்முறையீட்டால் அது நீடித்தது. அக்கடிதத்துக்கு இடமளித்த சட்டம் 2006 மார்ச்சில் புதுப்பிக்கப்படும் வரை, அதன் அனுபவம் பெற்ற இந்நால்வரும் நாட்டு மக்கள்முன் வாய்திறக்க முடியாதிருந்தனர். அதன் பின்னரே அரசு பின்வாங்கியது. அந்த ஆண்டிலேயே கோரிக்கையையும் கைவிட்டது.

இவ்வழக்கில் ஒரு சிறு செய்தி பெரிது. ஐந்து மாதங்களுக்கு முன் அந்த முக்கால் மணி நேரத்தில் அக்கணினிகளில் அமர்ந்தவர் யார் என்று தனித்துச் சொல்ல நூலகத்திடம் வழியே இல்லை. நூலகர்கள் மனவுறுதி காட்டினார்கள் என்பது உண்மை. அவர்களுடைய கணினிகள் மறந்துபோயிருந்தன என்பதும் உண்மை. அந்நாட்டின் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் வாசகர் என்ன படித்தார் என்ற பதிவைக் காக்கும் சட்டம் உண்டு. ஆயினும் இல்லாத பதிவைக் கேட்டு எவராலும் பெற முடியாது.

மெய்நிகர் மேசைக்கணினியை விற்க வருபவர் இவ்விடத்தில் மகிழ்ச்சியோடு தலையசைப்பார். வாசகர் எழுந்ததும் நகலையே அழிக்கிறோமே, இதைவிட மறதி உண்டா என்பார். அவர் சொல்வது பாதி. மேசையில் நடந்தது மறக்கப்படுகிறது. மையத்தில் நடந்தது பதிவாகிறது. எந்த உறுப்பினர் எண்ணுக்கு, எந்த இருக்கையில், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு எந்த நகல் வழங்கப்பட்டது, எப்போது அது அழிந்தது என்பதை நகல்களைப் பங்கிட்டுத் தரும் மென்பொருள் குறித்து வைக்கிறது. குறிக்காமல் அதனால் தன் வேலையைச் செய்ய இயலாது. முன்பதிவு மென்பொருள் ஒரு குறிப்பு வைத்திருக்கும். அச்சுக்குக் காசு வாங்கும் மென்பொருள் மற்றொன்று வைத்திருக்கும். இணைய வாயிலில் நிற்கும் காவல் மென்பொருள், எந்த நகல் எந்தத் தளத்தைத் திறந்தது என்று எழுதியிருக்கும். நான்கையும் அருகருகே வைத்தால், 45 நிமிடத்துக்குரிய விடை அரை மணியில் கிடைத்துவிடும். கனெக்டிகட்டில் பழைய கணினிகளால் தர முடியாமற்போன விடை அது.

ஆகவே இவ்வேற்பாட்டைத் தழுவும் நூலகம் முதலில் முடிவு செய்ய வேண்டியது பெட்டியின் விலையையோ சர்வரின் திறனையோ பற்றியதன்று. எந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கும், எப்போது தானே அழியும், அழிந்ததை யார் சரிபார்ப்பார் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் கேட்காமலே பதிவுகளைச் சேர்த்துக்கொண்டு போகும். அழிக்கச் சொன்னால்தான் அழிக்கும். புதிய வசதிகளைச் சேர்ப்பதில் காட்டும் உற்சாகத்தை இதில் காட்டுவோர் குறைவு. விழா எடுத்துத் திறந்துவைக்கத் தக்க பணி அன்று என்பதால் இருக்கலாம்.

மறதியால் வாசகருக்கு இழப்பும் உண்டு. அதையும் ஒளிக்கலாகாது. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தம் தன்விவரக் குறிப்பைத் தட்டுத்தடுமாறி எழுதுகிறார்; ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடிப்பவர். ஒரு மணி முடிகிறது. ஐந்து நிமிட எச்சரிக்கை திரையின் மூலையில் தோன்றியது அவர் கண்ணில் படவில்லை. நகல் அழிகிறது. பழைய கணினியாயின், கருணையுள்ள நூலகர் ஏதேனும் கோப்புறையில் தேடியாவது கொடுத்திருப்பார். இங்கே தேடுவதற்கு இடமே இல்லை. வாசகருடைய தனிமையைக் காக்கும் அதே செயல் அவருடைய ஒரு மணி உழைப்பைத் துடைத்தெறிகிறது. ரங்கநாதனின் நான்காம் விதியை வைத்து இதைப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கும்.

இதற்கு மாற்றாக, வாசகர் ஒவ்வொருவருக்கும் நிலையான மெய்நிகர் கணினி ஒன்றை ஒதுக்கிவிடலாம். எந்தக் கிளைக்குப் போனாலும் அவருடைய கோப்புகள் அவரைத் தொடரும் என்று சிலர் சொல்வர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்நொடியிலிருந்து நூலகம் அவருடைய கடிதங்களுக்கும் மருத்துவ அறிக்கைகளுக்கும் குடியேற்ற விண்ணப்பத்துக்கும் காவற்காரனாகிவிடுகிறது. கேட்டு வருபவருக்குக் கொடுக்க அதனிடம் எல்லாம் இருக்கும். இக்காரணத்தால், அழியும் நகலே பொது நூலகத்துக்கு ஏற்றது என்று துணிந்து சொல்லலாம். எஞ்சிய பணி எச்சரிக்கையைப் பெரிதாக்குவதும், வாசகர் தம் கோப்பைத் தம் பென் டிரைவிலோ தம் மின்னஞ்சலிலோ இட்டுக்கொள்வதை எளிதாக்குவதும், வரிசையில் யாரும் காத்திராதபோது நேரம் தானே நீளும்படி அமைப்பதுமாகும். மூன்றும் சிறு வேலைகள். ஆனால் மெய்நிகர் கணினியில் பென் டிரைவ் எளிதில் அடங்கி நடப்பதில்லை. அது செருகப்படுவது மேசைப் பெட்டியில். அதைக் காண வேண்டியது பல மைல் தொலைவில் உள்ள நகல். இடையே கம்பி மெலிந்திருந்தால் ஒரு சிறு படத்தைச் சேமிப்பதற்குள் வாசகர் பொறுமையிழப்பார்.

கம்பி என்றதும் சிற்றூர்க் கிளைகளின் நினைவு வருகிறது. தனிக் கணினி இணைய இணைப்பு அறுந்தாலும் ஒரு கடிதத்தைத் தட்டச்சிட உதவும். குழாயில் நீர் நின்றால் குடம் காலிதான். காலை பத்து மணிக்குக் கதவு திறந்து எல்லா இருக்கைகளும் ஒரே நேரத்தில் நிரம்பினால், நூற்றுக்கணக்கான நகல்கள் ஒரே நொடியில் பிறக்க முண்டியடிக்கும். இத்தொழிலில் இருப்போர் இதற்குப் புயல் என்றே பெயரிட்டிருக்கின்றனர். சேமிப்பகத்தின் வேகம் போதாவிட்டால், எல்லோர் திரையும் ஒன்றாக உறையும். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் பயனாக நூலகங்களின் இணைய இணைப்புச் செலவில் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கிறது. வறிய பகுதிக்கு மிகுதி. வாசகர் அமரும் கணினிக்கு அத்தள்ளுபடி இல்லை. எனவே சுமையைக் கணினியிலிருந்து கம்பிக்கு மாற்றுவதில் கணக்குப்பிள்ளையின் நியாயம் ஒன்று இருக்கிறது. நல்ல கம்பி எட்டாத மலையோரக் கிளைக்கு அந்நியாயம் பொருந்தாது. அங்கே நான்கு தனிக் கணினிகளை விட்டுவைப்பதே அறிவுடைமை.

பார்வையற்ற வாசகரையும் இங்கே எண்ண வேண்டும். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளை நம்பி அவர் அமர்கிறார். விசையை அழுத்தியதும் எழுத்தின் பெயர் காதில் விழ வேண்டும். ஒலி தொலைவிலுள்ள சர்வரிலிருந்து வரும்போது ஏற்படும் சிறு தாமதம், கண்ணுடையோருக்கு ஒன்றுமில்லை. அவருக்கோ எழுதுவதையே தடுமாறச் செய்யும். விற்பனைக்காகக் காட்டப்படும் செயல்விளக்கங்களில் இது வெளிப்படுவதில்லை.

தொட்டி உடைந்தால் என்னாகும் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. 2017 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் பொது நூலகத்தின் ஏறத்தாழ 700 கணினிகளைப் பணயக் கொள்ளையர் முடக்கி, 35,000 டாலர் கேட்டனர். அவர்கள் நுழைந்தது குரலஞ்சல் சர்வர் ஒன்றின் வழியே. நூலகம் பணம் கொடுக்க மறுத்து, தன் காப்பு நகல்களிலிருந்து மீண்டது. 2023 அக்டோபர் 28 அன்று டொரண்டோ பொது நூலகம் தாக்கப்பட்டது. நூறு கிளைகள் கொண்ட அவ்வமைப்பு கதவுகளைத் திறந்தே வைத்து, இரவல்களைக் கையால் குறித்துக்கொண்டு நடந்தது. திரும்பி வந்த நூல்களைப் பதிய வழியின்றி இழுவை வண்டிகளில் அடுக்கி வைத்தனர். பொதுமக்களுக்கான கணினிகள் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் இயங்கவில்லை. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு அக்குளிர்காலம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே அக்டோபர் 28-இல் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகமும் தாக்குதலுக்கு உள்ளானது. அந்நூலகம் 2024 மார்ச்சில் தன் குறைகளை மறைக்காது ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரிய நிறுவனங்களிடம் அரிதாகக் காணப்படும் நேர்மை அது. கொள்ளையர் நுழைந்திருக்கக்கூடிய வாயில் என்று அவ்வறிக்கை சுட்டியது, வெளியாட்களும் நிர்வாகிகளும் தொலைவிலிருந்து பணிபுரிய 2020-இல் நிறுவப்பட்ட டெர்மினல் சர்வீசஸ் சர்வரை. கடவுச்சொல்லுக்கு மேலாக இரண்டாவது சான்று கேட்கும் பூட்டு அதற்கு இல்லை. இந்நிகழ்வுகளில் மெய்நிகர் மேசைக்கணினிதான் குற்றவாளி என்று கொள்வதற்கில்லை. எல்லாம் ஓரிடத்தில் குவியும்போது அவ்விடத்தின் கதவுக்கு எத்தகைய பூட்டு வேண்டும் என்பதை அவை காட்டுகின்றன. சர்வர் ஒன்றுக்கு இரண்டாகவும், காப்பு நகல் வலையமைப்புக்கு வெளியே தனித்தும் இருக்க வேண்டும். இதன் செலவைச் சேர்த்துக் கணக்கிட்டால், சிறு பெட்டிகளால் மிச்சமானதாகத் தோன்றிய பணத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

பணத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். சர்வரில் இயங்கும் விண்டோஸை முனையத்திலிருந்து காண்பதற்கும் மைக்ரோசாஃப்ட் உரிமம் கேட்கிறது. 2010-இல் அது ஆண்டுக்குக் கருவி ஒன்றுக்கு 100 டாலர் என்ற அளவில் இருந்தது. கணினியை வாங்கினால் விலையோடு போயிற்று. இது ஆண்டுதோறும் வரும் வாடகை. 2023 நவம்பரில் வி.எம்.வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது. உரிம முறைகள் மாறின. மறு ஆண்டில் மேசைக்கணினிப் பிரிவு மட்டும் தனியே விற்கப்பட்டு, ஆம்னிசா என்ற பெயர் பெற்றது. தம் ஆயிரம் இருக்கைகளையும் அந்த ஒன்றன்மேல் ஏற்றிவைத்திருந்த அமைப்புகள், யாருடன் ஒப்பந்தம் செய்தோம் என்றே அறியாத நிலையில் நின்றன. லினக்ஸ் மூலப் படிமம் ஒன்றையும் இணையாக வைத்துப் பேணுவது இதற்கு ஓரளவு காப்பு. உலாவியும் சொற்செயலியும் மட்டும் தேவைப்படும் வாசகர்கள் பெரும்பாலும் வேற்றுமையைக் கவனிப்பதில்லை.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபின், பல கிளைகளும் நல்ல கம்பியும் உள்ள அமைப்புக்கு மெய்நிகர் மேசைக்கணினி ஏற்றதே என்று சொல்லலாம். சோதனையை நடத்தும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். வழக்கமாக அது தலைமையகத்தில், சர்வருக்கு இரண்டு மாடி கீழே, முற்பகல் வேளையில், பொறியாளர் ஒருவர் அருகில் நிற்க நடைபெறும். அதைத் தொலைவிலுள்ள கிளையில், பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லா இருக்கைகளையும் பிடித்துக்கொண்ட மாலை நான்கு மணிக்கு நடத்த வேண்டும். நூலக அமைப்பின் தலைவர் தம் பதவியைச் சொல்லாமல் ஓர் இருக்கையில் அமர்ந்து, சாதாரண உறுப்பினர் எண்ணை இட்டு, வேலை விண்ணப்பம் ஒன்றை முதல் வரியிலிருந்து நிரப்பி, அதைத் தம் பென் டிரைவில் சேமித்துக்கொண்டு, முக்கால் மணியில் எழுந்து வரட்டும். ஒரு வாரம் கழித்து, அந்த 45 நிமிடங்களைப் பற்றி மையத்தில் எஞ்சியிருப்பவை அனைத்தையும் அச்சிட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும்.